மாங்கல்யா எழுத்தில் ஓர் அடங்கல்

பாவத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாங்கல்யா எழுத்தை உத்திரமேரூருக்குக் கொண்டுவந்தவன் நான்தான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டிடிபி, ஜெராக்ஸ், லேமினேஷன் எல்லாம் செய்கிற கடை என்னுடையது. பெயர் தமிழ்வாணன். கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆகும் என்று எவனோ பென்டிரைவில் போட்டுக் கொடுத்த எழுத்துரு அது. கையால் எழுதினது மாதிரி சாய்ந்திருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வால், வால் நுனியில் ஒரு சுருள், சுருளுக்குள் ஒரு மொட்டு. ககரத்தின் வால் அடுத்த வரியில் போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். கொம்பு போட்ட எழுத்து வந்தால் மேலே இருக்கிற பிள்ளையார் படத்தைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். படிக்கத்தான் முடியாது.

கல்யாணப் பத்திரிகைக்கு அது ஒரு குறையே இல்லை. எங்கள் பக்கம் பத்திரிகையை எவன் படிக்கிறான்? வீட்டுக்கு வந்து தட்டில் வைத்துக் கொடுக்கும்போதே யாருக்கு யார், எந்த மண்டபம் என்று வாயால் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு அது பீரோ கண்ணாடியில் செருகி வைக்கிற சாமான். நாள் மறந்துபோனால் எடுத்துத் தேதியை மட்டும் பார்ப்பார்கள். புண்ணியவான், எழுத்தை உருவாக்கியவன் இலக்கத்துக்கு மட்டும் வால் வைக்காமல் விட்டிருந்தான். பத்து வருஷமாக இந்த எழுத்தில் பத்திரிகை அடித்தேன். ஒரு மாப்பிள்ளையும் மாறிப் போகவில்லை.

அப்படியே விட்டிருக்கலாம். விடவில்லை. ஊருக்கு ஆவண எழில் வாரியம் வந்தது. அரசாங்கத் தாள்கள் பார்க்க லட்சணமாக இல்லை என்று யாரோ எங்கேயோ வருத்தப்பட்டு அமைத்த வாரியம். ஓடாமல் மூடிக் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, மணமகன் அறையில் அலுவலரையும், மணமகள் அறையில் கோப்புகளையும், பந்தி நடக்கிற கூடத்தில் ஜனங்களையும் வைத்தார்கள். அலுவலர் பெயர் முத்துகிருஷ்ணன். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க என் கடைக்கு வந்தார். மாதிரித் தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றி, பத்து நிமிஷம் பார்த்தார். இது என்ன எழுத்து என்று கேட்டார். சொன்னேன். நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம்.

பதினைந்து நாளில் உத்தரவு வந்தது. இந்த வட்டாரத்தில் உழவர்களுக்குத் தருகிற எந்தத் தாளும் வாரியத்துக்குப் போய், மாங்கல்யாவில் அச்சாகி வந்தால்தான் செல்லும். உத்தரவும் மாங்கல்யாவில்தான் இருந்தது. அதனால் ஒரு மாசம் வரைக்கும் அப்படி ஓர் உத்தரவு இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. பெருநகர் போகிற பஸ்ஸின் பலகையைக்கூட எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஏறியவர்கள் பாதிப் பேர் வேறு பஸ் என்று நினைத்து ஏறினவர்கள், மீதிப் பேர் கல்யாண பஸ் என்று நினைத்து ஏறினவர்கள். ஏரிக்கரையில் ‘இங்கே ஆழம், இறங்காதே’ என்று ஒரு பலகை நட்டார்கள். கல்யாணம் நிச்சயமான பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். நல்ல படம் வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் தண்ணீருக்குள் போய் நின்றார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. புருஷோத்தமன் வந்த அன்றைக்குத்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

புருஷோத்தமன் என்னோடு பத்தாவது வரைக்கும் படித்தவன். மானாம்பதிக்கு அந்தாண்டை இரண்டு ஏக்கர் நிலம். சொர்ணவாரிப் பட்டத்து நெல்லை அறுத்து, அறுபத்திரண்டு மூட்டை நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டி, தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தான். ஆவணி மாசம். எங்கள் ஊர் ஆவணியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் தலையைப் பிளக்கும், சாயந்திரம் ஆனால் ஊற்றும். எடை போட வேண்டுமென்றால் அடங்கல் வேண்டும். இன்னார் இந்த சர்வே நம்பரில் இத்தனை ஏக்கரில் நெல் வைத்திருக்கிறார் என்று சொல்கிற ஒற்றைத் தாள், அவ்வளவுதான். கிராம நிர்வாக அலுவலர் அதை உடனே எழுதிக் கொடுத்துவிட்டார். வாரியம் அதை வாங்கி மாங்கல்யாவில் அடித்து, ஓரத்தில் தங்க நிறத்தில் கொடி ஓட்டிக் கொடுத்தது.

கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தர் வீரபத்திரன் அதை நேராகப் பார்த்தாராம், தலைகீழாகப் பார்த்தாராம், பின்பக்கம் திருப்பி வெயிலில் காட்டிப் பார்த்தாராம். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். படிக்க முடியாத தாளை நம்பி எடை போட்டால் நாளைக்கு ஆடிட்டில் தன் சீட்டு கிழிந்துவிடும் என்றார். படித்துக் காட்டினால் அடுத்த நிமிஷம் தராசில் ஏற்றுகிறேன் என்றும் சொன்னார். அவரையும் குறை சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல்.

“இன்னாபா தமிழு, இதுல இன்னாதான் போட்டுகீது? என் பேரு எங்க கீதுன்னு மட்டும் காட்டு, மீதிய நான் பாத்துக்கறேன்” என்றான் புருஷோத்தமன்.

அரை மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. இது என்னடா வம்பு என்று, கிராம நிர்வாக அலுவலர் கைப்பட எழுதியிருந்த மூலத்தை வைத்து, சாதாரண எழுத்தில், கொட்டை கொட்டையாக ஒரு நகல் அடித்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடப் படிக்கும். இரண்டு பேரும் அதை எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனோம், முத்திரை வாங்க. அங்கே முத்திரை போட்டார்கள். ‘அழகின்மை காரணமாக நிராகரிக்கப்பட்டது’ என்கிற முத்திரை. அது மட்டும் நன்றாகப் படிக்க வந்தது.

முத்துகிருஷ்ணன் எங்களை உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாக விளக்கினார். கெட்ட மனுஷன் இல்லை. கெட்டவனாக இருந்தால் ஏதாவது கொடுத்தாவது காரியத்தை முடித்திருக்கலாம்.

“படிக்கறதுக்குத்தான் எழுத்துன்னா எதுக்கு சார் ஒரு வாரியம்? அரசாங்கத் தாள வாங்கினவன் அதப் பார்த்து மலைச்சு நிக்கணும். படிச்சிட்டா மலைப்பு போயிடும், அடுத்து கேள்வி கேப்பான். இதே ஊர்ல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கோயில் சுவர்ல எலெக்ஷன் சட்டத்த வெட்டி வெச்சாங்க. வர்றவங்கள்ல எத்தனை பேருக்குப் படிக்கத் தெரியும்? ஆனா பஸ் பஸ்ஸா வந்து பாக்கறாங்களா இல்லையா? அதுக்குப் பேருதான் ஆவணம்.”

அந்தச் சட்டம் எழுதப்பட்ட காலத்தில் அது எல்லாருக்கும் புரிந்திருக்குமே என்று நான் கேட்க வாயெடுத்தேன். புருஷோத்தமன் என் தொடையைக் கிள்ளினான். அவனுக்கு நெல் வெளியில் கிடக்கிறது. எனக்கு என்ன, நியாயம் பேசலாம்.

வழி இருக்கிறது என்றார் அலுவலர். வாரியத்தில் வாசிப்பு அலுவலர் என்று ஒரு பதவி உண்டு. சசிரேகா என்று பெயர். மாங்கல்யாவை வாசிக்கச் சான்று பெற்றவர் மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான். அவர் வாசித்தால் அது சட்டப்படி வாசித்ததாகும். ஆனால் அதற்கு மனு கொடுக்க வேண்டும். மனு மாங்கல்யாவில் இருக்க வேண்டும். அச்சடித்தால் செல்லாது, மனுதாரர் சொந்தக் கையால் எழுத வேண்டும். தெரியாதவர்களுக்காக மூன்று நாள் பயிற்சி இலவசமாக நடக்கிறது, மதியம் லெமன் சாதம் உண்டு.

அந்தப் பயிற்சியை நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். பந்திக் கூடத்தில் சாப்பாட்டு மேஜை போட்டு முப்பது குடியானவர்கள் உட்கார்ந்து வால் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் வால், இரண்டாம் நாள் சுருள், மூன்றாம் நாள் மொட்டு. ஜெனிஃபர் என்று ஒரு பெண், ஓவியம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் இதற்கு வந்தது, ஒவ்வொருவர் கையையும் பிடித்து வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. ஏர் பிடித்த கை, டிராக்டர் ஓட்டிய கை, எதுவும் வளையவில்லை. முத்துகிருஷ்ணன் மேற்பார்வைக்கு வந்து புருஷோத்தமனின் தாளை எடுத்து எல்லாருக்கும் காட்டினார்.

“பாருங்க, வரப்பு போட்ட மாதிரி நேரா இழுத்திருக்காரு. உங்க எழுத்துல ஒரு பிடிவாதம் தெரியுதுங்க. ஆபீசுக்கு வர்ற எழுத்து வளைஞ்சுதான் வரணும். எழுத்து வளைஞ்சா ஆளு தானா வளைவாரு.”

எல்லாரும் கைதட்டினார்கள். புருஷோத்தமனும் தட்டினான். இரண்டாம் நாள் சாயந்திரம் சுருள் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் மனைவி ராணியம்மாள் போன் செய்தாள். மழை பிடித்துக்கொண்டது, தார்ப்பாய்க்குக் கீழே தண்ணீர் போகிறது, அடி நெல்லில் கையை விட்டால் சுடுகிறது என்றாள். நெல் சுட்டால் முளைக்கப்போகிறது என்று அர்த்தம். முளைத்த நெல்லை எந்தத் தராசும் ஏற்றாது. நாலு மாசப் பாடும் கோழிக்குத்தான். அவன் எழுந்து போக அனுமதி கேட்டான். பாதியில் எழுந்தால் முதலிலிருந்து வால் போட வேண்டும் என்றார்கள். உட்கார்ந்துவிட்டான். எனக்கு அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா என்று தெரியவில்லை, வெளியே வந்து என் கடை ஷட்டரை ஓங்கி ஒரு உதை விட்டேன். ஷட்டர்தான் நெளிந்தது.

நாலாம் நாள் மனு ஏற்கப்பட்டது. வாசிப்பு அலுவலர் சென்னையில் பயிற்சியில் இருக்கிறார், பதினோராம் தேதி வருவார். அவர் வாசிப்பது மண்டபத்துக்குள் மட்டும்தான், வாயால் மட்டும்தான். கேட்க வேண்டியவர் நேரில் வந்து கேட்க வேண்டும். எழுதித் தர முடியாது. அப்படி எழுதினால் அதையும் மாங்கல்யாவில்தானே எழுத வேண்டும்? வீரபத்திரனிடம் போய்க் கேட்டோம். வேலை நாளில் தராசை விட்டு ஒரு அடி நகர முடியாது, விவசாயி ஒவ்வொருத்தருக்காகவும் கிளம்பினால் நிலையத்தை யார் பார்ப்பது என்று கையை விரித்தார். ராணியம்மாள் அன்றிலிருந்து குவியலை விட்டு அசையவில்லை. பகலில் பாயை நீக்கிக் காயவைப்பாள், மேகம் திரண்டால் இழுத்து மூடுவாள். சோறு அங்கேயேதான்.

இந்தச் சமயத்தில்தான் அந்தத் தாள் வந்தது.

வாரியத்துப் பியூன் சைக்கிளில் வந்து, சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாக ஒன்று கொடுத்தார். கெட்டி அட்டை, மஞ்சள் ஓரம், மேலே மண்டபத்தின் படம், உள்ளே முழுக்க மாங்கல்யா. இலக்கம் மட்டும் தெரிந்தது: 11ஆம் தேதி, 9.00 முதல் 10.30 வரை. காலண்டரைப் பார்த்தார்கள். வளர்பிறை முகூர்த்தம். பியூனிடம் என்ன விசேஷம் என்று கேட்டார்கள். அவருக்கும் படிக்கத் தெரியாது. ஆபீசர் கொடுக்கச் சொன்னார் என்று மட்டும் சொன்னார். அவ்வளவு போதாதா? முத்துகிருஷ்ணனுக்குத் திவ்யா என்று இரண்டாவது பெண் இருப்பது ஊருக்கே தெரியும். வாசல் ஏறி வந்து கொடுத்த பத்திரிகைக்குப் போகாமல் இருப்பது எங்கள் பக்கத்தில் ஏழு ஜென்மப் பகை. அதுவும் ஆபீசர் வீட்டுக் கல்யாணம்.

நீ அச்சடிக்கிறவன்தானே, உனக்குமா படிக்கத் தெரியவில்லை என்று கேட்பீர்கள். தெரியாது. சாதாரண எழுத்தில் தட்டச்சு செய்து, சரிபார்த்து, கடைசியில் மாங்கல்யாவுக்கு மாற்றுவேன். மாற்றின பிறகு நானும் பார்த்ததுதான், படித்ததில்லை. நானும் கஞ்சி போட்ட வேட்டியை எடுத்துக் கட்டினேன்.

ராணியம்மாள் வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாளாம். புருஷோத்தமன்தான் கெஞ்சியிருக்கிறான்.

“ஒரு ரெண்டு மணி நேரம் வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் பூடு. பொண்ணு கல்யாணத்துல மனசு குளுந்து கீற நேரம், காலுல வுழுந்தாவது பேப்பர முடிச்சிக்கினு வந்துடலாம். காலைல மழ வராது” என்று.

அவள் கல்யாணப் பட்டுப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, தட்டில் பழமும் பூவும் வைத்து வந்தாள். குவியல் வைத்திருந்த மற்றவர்களும் அப்படியே வந்தார்கள்.

ஒன்பது மணிக்கு மண்டபத்தில் நானூறு பேர். வாசலில் சந்தனம் இல்லை, மேளம் இல்லை. கவர்ன்மெண்ட் ஆளுங்க, எளிமையாகச் செய்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். நாஷ்டா எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு ஒரு கூட்டம் கோப்பு அறைக்குள் போய்விட்டது. முத்துகிருஷ்ணன் மணமகன் அறையிலிருந்து வெளியே வந்து, அத்தனை தட்டுகளையும் அத்தனை பட்டுப் புடவைகளையும் பார்த்து, வாசல்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது. மூன்று பெண்மணிகள் அவர் கையில் தட்டைக் கொடுத்து, பெண் எங்கே என்று கேட்டார்கள். காலேஜுக்குப் போயிருக்கிறாள் என்றார். தாலி கட்டுகிற நாளில்கூடப் படிப்பை விடாத பெண் என்று அவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் புருஷோத்தமன் என் கையைப் பிடித்து அழுத்தினான். மூன்றாம் வரிசையில், சில்க் ஜிப்பாவில், வீரபத்திரன். விவசாயிக்காகத் தராசை விட்டு ஒரு அடி நகராத மனுஷன், ஆபீசர் வீட்டுக் கல்யாணம் என்றதும் நிலையத்தைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். மேடை ஓரத்தில் ஒரு மேஜை. அதில் ‘வாசிப்பு’ என்று பலகை. சென்னையிலிருந்து வந்திறங்கிய சசிரேகா மேடம். கேட்க வேண்டியவர் மண்டபத்துக்குள், வாசிக்க வேண்டியவர் மண்டபத்துக்குள். சாமியே கொண்டுவந்து சேர்த்த மாதிரி இருந்தது.

வீரபத்திரனைத் தோளைப் பிடித்து மேஜைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். மேடம் அடங்கலை வாங்கி வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, பெயர் என்ன என்று கேட்டார். அப்பா பெயர் என்ன, எந்தக் கிராமம், சர்வே நம்பர் என்ன, எத்தனை ஏக்கர், என்ன பயிர். ரிஜிஸ்டரில் ஏற்றுகிறார் போல என்று நினைத்தேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, தொண்டையைச் சரிசெய்து, தாளை முகத்துக்கு நேரே பிடித்து, கணீர் என்று வாசித்தார். பெயர், அப்பா பெயர், கிராமம், சர்வே நம்பர், இரண்டு ஏக்கர், நெல். ஓர் எழுத்து பிசகவில்லை. எனக்கு மயிர் கூச்செறிந்தது. இதை வாசிக்க உலகத்தில் ஒரு ஜீவன் இருக்கிறதே என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

“கேட்டேன், சரியாக் கீது. வூட்டுக்குப் போற வழியிலயே எட போட்டுடறேன்” என்றார் வீரபத்திரன்.

ராணியம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒன்பது நாள் அழுகை அது. கிளம்பலாம் என்று திரும்பினோம். அதற்குள் முத்துகிருஷ்ணன் மைக்கைப் பிடித்துவிட்டார். பாதியில் எழுந்து போனால் மரியாதை இல்லை என்று நின்றோம்.

“உழவர் பெருமக்களே, இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு ஆபீஸ் நோட்டீசுக்கு ஜனங்க பட்டு கட்டி, தட்டு எடுத்துட்டு வந்து நான் பார்த்ததில்ல. அதுவும் என்ன நோட்டீஸ்? கொள்முதல் நிலையத்து வாசல்ல கொட்டிக் கிடக்கிற நெல்லுக் குவியல் கண்ணுக்கு லட்சணமா இல்ல. இன்னிக்கு ஒம்பதுலேர்ந்து பத்தரைக்குள்ள லாரி வெச்சு அப்புறப்படுத்துறோம், ஆட்சேபனை உள்ளவங்க குவியல் பக்கத்துல நின்னு சொல்லலாம்னு போட்டிருந்தோம். இப்பதான் லாரிலேர்ந்து போன் வந்தது. அங்க ஒரு ஈ காக்கா இல்லையாம். எல்லாரும் இங்க வந்து வாழ்த்திட்டு இருக்கீங்க. இதுக்கு மேல ஒரு அரசாங்கத்துக்கு என்ன ஒப்புதல் வேணும்?”

மண்டபத்துக் கடிகாரத்தில் பத்தே முக்கால். நானூறு பேரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடினார்கள். தட்டுகள் உருண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. புருஷோத்தமனும் ராணியம்மாளும் என் டிவிஎஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள். வழியெல்லாம் ராணியம்மாள் வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

நிலையத்து வாசல் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. ஒரு மணி நெல் இல்லை. தார்ப்பாயை நாலாக மடித்து, மேலே ஒரு செங்கல்லை வைத்திருந்தார்கள். குவியல் இருந்த இடத்தில் நாலு பேர் சேர்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள், வாரியத்து ஆட்கள். நெல் எங்கே என்று கேட்டோம். எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறோம், யாரிடம் சொல்லி மீட்டுக்கொள்ள வேண்டும், எல்லாம் ரசீதில் விவரமாக இருக்கிறது என்றார்கள். ரசீது செங்கல்லுக்குக் கீழே இருந்தது. வழவழப்பான தாள், ஓரத்தில் தங்கக் கொடி. அதில் 62 என்பது தெரிந்தது. மீதி மாங்கல்யா. பின்னாலேயே வந்து சேர்ந்த வீரபத்திரன் பூட்டைத் திறந்து, தராசைத் துடைத்து வைத்துவிட்டு, கொண்டா புருஷோத்தமா, போட்டுடலாம் என்றார். பாவம், அவர் நிஜமாகவே சொன்னார்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. லாரி எங்கேயோ திறந்தவெளியில்தான் கொட்டியிருக்கும். அடித்துப் பிடித்து மண்டபத்துக்குத் திரும்பினோம். உருண்ட பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த பியூனைத் தாண்டி ஓடி, சசிரேகா மேடத்தின் மேஜையில் ரசீதை வைத்தோம். புருஷோத்தமனுக்கு மூச்சு வாங்கியது. படித்துச் சொல்லுங்கள், உடனே ஓடணும் என்றான். முதல் தூறல் கூரைத் தகரத்தில் விழுந்தது.

மேடம் ரசீதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு முறை முழுக்கப் பார்த்தார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“நெல்ல எங்க கொண்டுபோய் வெச்சிருக்காங்கன்னு சொல்லுங்க, படிச்சிடறேன்” என்றார்.